பெட்ரோல் டேங்குக்குள் மக்காச்சோளம்! எரிபொருளுக்காக பயிர் வளர்ப்பது யாருக்கு லாபம்? முழு விளக்கம்

பங்க்கில் 10 லிட்டர் பெட்ரோல் போடுறீங்க. அதில் 2 லிட்டர் பெட்ரோலே கிடையாது. அது கரும்பிலிருந்தோ, மக்காச்சோளத்திலிருந்தோ, அரிசியிலிருந்தோ எடுத்த எத்தனால். இ20 என்று பங்க்கில் எழுதியிருப்பதற்கு அதுதான் அர்த்தம்.

மைலேஜ் குறையுமா, இன்ஜின் கெட்டுப்போகுமா என்றுதான் சோஷியல் மீடியாவில் பெரும்பாலும் விவாதம் நடக்கிறது. ஆனால் இந்தக் கதையின் பெரிய பகுதி பங்க்கில் இல்லை, வயலில் இருக்கிறது. வண்டி ஓட்டுவதற்காக பயிர் வளர்த்தால் நிலம், தண்ணீர், முட்டை விலை, விவசாயி வருமானம் என எல்லாவற்றிலும் அதன் தாக்கம் தெரியும். எரிபொருள் பயிர் என்றால் என்ன, எவ்வளவு பயிருக்கு எவ்வளவு எரிபொருள் கிடைக்கும், ஏற்கெனவே ஒருமுறை நம் ஊரிலேயே இந்த முயற்சி ஏன் தோற்றது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எரிபொருள் பயிர் என்றால் என்ன?

சாப்பிடுவதற்கோ, துணி நெய்வதற்கோ இல்லாமல், எரிபொருள் எடுப்பதற்காகப் பயன்படும் பயிர்களைத்தான் எரிபொருள் பயிர், எரிசக்திப் பயிர் என்கிறார்கள். இதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

- சர்க்கரைப் பயிர்கள்: கரும்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போல மண்ணுக்குள் விளையும் சுகர் பீட், இனிப்புச் சோளம். இவற்றின் சாற்றை நேரடியாகப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம்.
- மாவுச்சத்துப் பயிர்கள்: மக்காச்சோளம், அரிசி, மரவள்ளிக்கிழங்கு. முதலில் மாவுச்சத்தை சர்க்கரையாக மாற்றி, பிறகு புளிக்கவைக்க வேண்டும்.
- எண்ணெய்ப் பயிர்கள்: பாமாயில் பனை, சோயா, கடுகு, காட்டாமணக்கு, புங்கம். இவற்றின் எண்ணெயிலிருந்து கிடைப்பது பயோடீசல்.
- புல், தட்டை, மரம்: நேப்பியர் புல், மூங்கில், வைக்கோல். இவற்றிலிருந்து சாணஎரிவாயு போன்ற பயோகேஸ் எடுக்கலாம். கஷ்டமான தொழில்நுட்பத்தில் எத்தனாலும் எடுக்கலாம்.

முதல் மூன்று வகையில் பெரும்பாலானவை மனிதரோ, கால்நடையோ சாப்பிடுபவை. பிரச்சனையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தியா இதில் எப்போது இறங்கியது?

நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உலகின் எந்த மூலையில் போர் வந்தாலும் இங்கே செலவு ஏறும். அதைக் குறைக்கத்தான் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் வந்தது.

- 2003: 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் 5% எத்தனால் கலப்பு தொடக்கம்.
- 2009: தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2017-க்குள் 20% கலப்பு என்று இலக்கு. அது நடக்கவில்லை.
- 2014: நாட்டின் சராசரி கலப்பு வெறும் 1.5 சதவீதம் அளவுதான்.
- 2018: புதிய கொள்கை. மொலாசஸ் மட்டும் இல்லாமல் கரும்புச் சாறு, கெட்டுப்போன தானியம், உபரி தானியம் ஆகியவற்றுக்கும் அனுமதி. இலக்கு 2030-க்குள் 20%.
- ஜூன் 2022: 10% கலப்பு எட்டப்பட்டது. 20% இலக்கு 2025-26-க்கு முன்கூட்டியே நகர்த்தப்பட்டது.
- பிப்ரவரி 2023: இ20 பெட்ரோல் விற்பனை அறிமுகம்.
- 2025: 20% கலப்பை எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவிப்பு.

இதனால் ரூ.1 லட்சம் கோடிக்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமாகியிருக்கிறது என்பது அரசு சொல்லும் கணக்கு. கரும்பு ஆலைகளுக்கு சர்க்கரையைத் தவிர இன்னொரு வருமானம் கிடைத்ததால், விவசாயிகளுக்குத் தர வேண்டிய நிலுவைத் தொகை முன்பைவிட வேகமாகக் கிடைப்பதாகவும் அரசு சொல்கிறது.

ஒரு பைக் டேங்குக்கு எவ்வளவு பயிர் வேணும்?

2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில் இருக்கும் அளவுகள் இவை:

- 1 டன் கரும்பு = சுமார் 70 லிட்டர் எத்தனால் (சாற்றிலிருந்து நேரடியாக எடுத்தால்)
- 1 டன் மக்காச்சோளம் = சுமார் 380 லிட்டர்
- 1 டன் அரிசி = சுமார் 450 லிட்டர்

இதை வைத்து கணக்கு போட்டால், 10 லிட்டர் இ20 பெட்ரோலில் இருக்கும் 2 லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 28 கிலோ கரும்பு வேண்டும். மக்காச்சோளம் என்றால் 5 கிலோவுக்கு கொஞ்சம் மேல். அரிசி என்றால் சுமார் நாலரை கிலோ.

40 லிட்டர் பிடிக்கும் காரை ஒருமுறை ஃபுல் டேங்க் செய்தால், மக்காச்சோளக் கணக்கில் 21 கிலோ.

முட்டைக் கோழி ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 110 கிராம் தீவனம் சாப்பிடும். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அப்படிப் பார்த்தால் ஒரு பைக் டேங்குக்குப் போகும் சோளம், ஒரு கோழிக்கு ஏறத்தாழ 3 மாதத்துக்கு வரும்.

ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும்?

நல்ல பாசன வசதியுள்ள நிலத்தில் மக்காச்சோளம் ஏக்கருக்கு 2.5 டன் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 950 லிட்டர் எத்தனால் கிடைக்கும். கரும்பு ஏக்கருக்கு 40 டன் என்றால் 2,800 லிட்டர்.

பார்த்ததும் கரும்புதான் ஜெயிக்கிற மாதிரி தெரியும். ஆனால் கரும்பு நிலத்தில் நிற்பது 10 முதல் 12 மாதம். மக்காச்சோளம் 100 முதல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதே நிலத்தில் அடுத்த பயிரும் போடலாம்.

அடுத்தது தண்ணீர். சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது அதே நிதி ஆயோக் அறிக்கை. நாட்டின் பாசன நீரில் 70 சதவீதத்தை கரும்பும் நெல்லும் மட்டுமே குடித்துவிடுகின்றன என்றும் அது குறிப்பிடுகிறது. அதனால்தான், தண்ணீர் குறைவாகக் கேட்கும் மக்காச்சோளத்துக்கு மாற வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

கரும்பிலிருந்து சோளத்துக்கு மாறியது எப்படி?

இந்த மாற்றம் அறிக்கையால் மட்டும் நடக்கவில்லை. 2023 ஜூலை முதல் 2024 ஜனவரி வரை நடந்த மூன்று விஷயங்கள்தான் காரணம்.

முதலாவது, ஜூலை 2023-ல் எத்தனால் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகம் அரிசி கொடுப்பது நிறுத்தப்பட்டது. அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

இரண்டாவது, மழை குறைந்து கரும்பு விளைச்சல் பற்றி கவலை வந்ததும், டிசம்பர் 2023-ல் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை போட்டது. ஒரே வாரத்தில் அதைத் தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு வரை மட்டும் அனுமதித்தது. கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியது 2024 ஆகஸ்டில்தான். கடன் வாங்கி எத்தனால் யூனிட் போட்ட ஆலைகள் நடுவில் மாட்டிக்கொண்டன.

மூன்றாவது, ஜனவரி 2024-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.5.79 ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் கொடுக்கும் விலை ரூ.71.86 ஆனது. கரும்புச் சாறு எத்தனாலுக்கு அப்போது ரூ.65.61தான். ஆலைகள் எந்தப் பக்கம் போகும்? சோளத்தின் பக்கம்தான்.

2023-24 எத்தனால் ஆண்டிலேயே தானியத்தில் எடுத்த எத்தனால், கரும்பில் எடுத்ததை முந்திவிட்டது. இன்று மக்காச்சோளம்தான் முதலிடத்தில் இருக்கிறது. அரிசியும் திரும்ப வந்துவிட்டது. 2025 ஜனவரியில் எத்தனால் ஆலைகளுக்கான உணவுக் கழக அரிசி விலை கிலோ ரூ.22.50 ஆகக் குறைக்கப்பட்டது.

நாமக்கல்லுக்கு ஏன் தலைவலி?

நாடு முழுவதும் 20% கலப்பு நடக்க, ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி லிட்டர் எத்தனால் தேவை. 100 கோடி லிட்டரை மக்காச்சோளத்தில் எடுக்கணும் என்றால் சுமார் 26 லட்சம் டன் சோளம் வேண்டும். மொத்தத்தையும் சோளத்திலேயே எடுத்தால் 2.6 கோடி டன். நாட்டின் மொத்த மக்காச்சோள விளைச்சலே 4 கோடி டன்னைத்தான் சற்றுத் தாண்டுகிறது.

இவ்வளவு நாள் அந்தச் சோளத்தின் பெரும்பகுதியை வாங்கியது கோழி, மாட்டுத் தீவன ஆலைகளும், ஸ்டார்ச் ஆலைகளும். முட்டை உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் நாமக்கல் பண்ணைகளுக்கு தீவனச் செலவுதான் மிகப்பெரிய செலவு. தீவனத்தில் பாதிக்கு மேல் சோளம். சோளம் விலை ஏறினால் அது நேராக முட்டையின் அடக்க விலையில் ஏறும். முட்டை, பிராய்லர் விலைக்கும் அதே கதிதான்.

இதனால்தான் மக்காச்சோளத்தை வரி இல்லாமல் இறக்குமதி செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கோழிப்பண்ணையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒருகாலத்தில் வெளிநாட்டுக்கு சோளம் விற்றுக்கொண்டிருந்த இந்தியா, 2024-ல் மியான்மர், உக்ரைன் நாடுகளிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போட்ட திட்டம், சோளம் இறக்குமதியில் கொண்டுபோய் விட்டது என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம்.

இதற்கு எத்தனால் ஆலைகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. சோளத்தில் மாவுச்சத்து மட்டும்தான் எத்தனாலாகிறது. புரதமும் நாரும் அப்படியே மிச்சமாகும். ஒரு டன் சோளத்துக்கு சுமார் 300 கிலோ உலர் சக்கை கிடைக்கும். டிடிஜிஎஸ் என்ற பெயரில் அது தீவனமாகவே திரும்ப சந்தைக்கு வருகிறது.

உண்மைதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். புரதம் நிறைந்த இந்தச் சக்கை மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், சோயா புண்ணாக்குக்கு கிராக்கி குறைந்தது. 2024 அறுவடையில் சோயா விலை, குவிண்டாலுக்கு ரூ.4,892 என்ற ஆதரவு விலைக்கும் கீழே போனதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சோளம் போட்ட விவசாயிக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேச சோயா விவசாயியின் நஷ்டம்.

அப்போ சோள விவசாயிக்கு நல்ல காலமா?

ஆரம்பத்தில் ஆமாம். வாங்குபவர் ஒருவர் கூடினாலே விலைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி என்று மானாவாரியாகவும் கிணற்றுப் பாசனத்திலும் மக்காச்சோளம் போடும் மாவட்டங்களுக்கு இது முக்கியமான விஷயம். 2018-ல் நாட்டுக்குள் வந்த படைப்புழு இந்தப் பயிரை வாட்டி எடுத்த அனுபவம் இங்குள்ள விவசாயிகளுக்கு மறக்கவில்லை. விலையாவது கைகொடுத்தால்தான் மருந்துச் செலவு தாங்கும்.

ஆனால் எத்தனால் ஆலை எவ்வளவு விலை கொடுக்க முடியும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மக்காச்சோள ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. அந்த விலையில் ஒரு டன் வாங்க ரூ.24,000. அதில் வரும் 380 லிட்டரை ரூ.71.86-க்கு விற்றால் சுமார் ரூ.27,300. சக்கை விற்ற பணமும் சேரும். இதற்குள்தான் மின்சாரம், எரிபொருள், என்சைம், கூலி, வங்கி வட்டி எல்லாம் அடங்கணும்.

சோளம் விலை இன்னும் ஏறினால் ஆலை வாங்காது. எத்தனால் விலையை அரசு உயர்த்தாவிட்டாலோ, குறைந்த விலைக்கு உணவுக் கழக அரிசி கிடைத்தாலோ ஆலை அரிசிக்குத் தாவிவிடும். சோளத்தை நம்பி கூடுதல் ஏக்கரில் விதைத்த விவசாயியின் நிலை அப்போது என்ன ஆகும்? இந்தப் பயிரின் விலையை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, டெல்லியில் வரும் ஒரு சுற்றறிக்கையும் தீர்மானிக்கிறது.

காட்டாமணக்கு: நாம் ஏற்கெனவே பார்த்த படம்

20 வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு பரபரப்பு ஓடியது. அப்போது ஹீரோ காட்டாமணக்கு.

ஆடு மாடு கடிக்காது, தரிசு நிலத்தில் வளரும், தண்ணீரே வேண்டாம், விதையில் 30 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். சொன்னவற்றை எல்லாம் கேட்டால் அதைவிட நல்ல பயிரே இல்லை என்று தோன்றும். 2003-ல் திட்டக் குழு அமைத்த குழு, நாடு முழுவதும் 1 கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டாமணக்கு நடலாம் என்று அறிக்கை கொடுத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் இந்தப் பயிருக்கு ஆதரவாகப் பேசினார். தமிழ்நாட்டிலும் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு விவசாயிகளை நடவைத்தன. 2008 டிசம்பரில் நியூசிலாந்தில் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த எரிபொருளில் விமானமே பறந்தது.

பிறகு நடந்தது வேறு. 

- நட்ட செடி காய்க்க 3 வருடம் ஆனது. அதுவரை வருமானம் இல்லை.
- தண்ணீர் இல்லாமல் செடி சாகாது, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் காயும் காய்க்காது. செடி உயிரோடு இருப்பதும், விளைச்சல் கொடுப்பதும் வேற வேற.
- காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். கூலி கட்டுப்படியாகவில்லை.
- விதையில் நஞ்சு இருப்பதால் புண்ணாக்கை மாட்டுக்குப் போட முடியாது.
- 2006 முதல் எண்ணெய் நிறுவனங்கள் பயோடீசலுக்கு நிர்ணயித்த விலை லிட்டருக்கு ரூ.25. உற்பத்திச் செலவே அதைத் தாண்டியது.

தமிழ்நாட்டு காட்டாமணக்கு விவசாயிகளிடம் நடத்தி, 2010-ல் 'எக்கலாஜிக்கல் எகனாமிக்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு, பாசனமும் பண வசதியும் உள்ளவர்களுக்குத்தான் ஓரளவு தாக்குப்பிடித்தது, சின்ன விவசாயிக்கு நஷ்டம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'தரிசு' என்று அரசு ஏட்டில் எழுதியிருக்கும் நிலம் நிஜத்தில் சும்மா கிடப்பதில்லை. அதுதான் ஊரின் மேய்ச்சல் நிலம். விறகு பொறுக்கும் இடம். நிலம் இல்லாத குடும்பத்தின் நாலு ஆடுகளுக்கு தீனி அங்கேதான். அதில் ஆடு தின்னாத செடியை நட்டால் யாருக்கு அடி என்று விளக்கத் தேவையில்லை.

உலக அளவிலும் இதே முடிவுதான். காட்டாமணக்கில் பெரிய அளவில் இறங்கிய பிரிட்டன் நிறுவனமான டி1 ஆயில்ஸுடன் 2007-ல் கைகோத்த பிபி, 2009-லேயே விலகிக்கொண்டது.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

பிரேசில்: 1975-ல் எண்ணெய் விலை நெருக்கடிக்குப் பிறகு கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1980-களின் கடைசியில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைக்கு மாறின. எத்தனாலில் மட்டும் ஓடும் கார் வாங்கியவர்கள் பங்க்கில் வரிசையில் நின்றார்கள். 2003-ல் பெட்ரோல், எத்தனால் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார்கள் வந்த பிறகுதான் மக்களுக்கு நம்பிக்கை திரும்பியது. 2025 ஆகஸ்டில் அங்கே 30% கலப்பு வந்துவிட்டது. ஒரு வித்தியாசத்தை கவனிக்கணும். விலையைப் பார்த்து எதை ஊற்றுவது என்று அங்கே வண்டி வைத்திருப்பவர் முடிவு செய்யலாம். இங்கே பெரும்பாலான பங்க்குகளில் அந்த சாய்ஸ் இல்லை.

அமெரிக்கா: 2005, 2007 சட்டங்களால் மக்காச்சோள எத்தனால் கட்டாயமானது. இப்போது அந்த நாட்டு சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது. 2007 ஜனவரியில் சோளம் விலை ஏறி, பக்கத்து நாடான மெக்சிகோவில் மக்களின் அன்றாட உணவான டார்ட்டியா ரொட்டி விலைக்காக தெருவில் போராட்டம் நடந்தது.

இந்தோனேசியா: டீசலில் பாமாயில் கலப்பு 2025-ல் 40 சதவீதத்தை எட்டியது. பாமாயில் தோட்டங்களுக்காக மழைக்காடுகள் அழிக்கப்பட்டது உலகறிந்த விஷயம். அங்கே சமையல் எண்ணெய் தட்டுப்பாடு வந்து 2022 ஏப்ரலில் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, நம் வீட்டு எண்ணெய் பாக்கெட் விலையும் ஏறியது.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுக்கும் கார்பனைத்தான் எரியும்போது வெளியே விடுகிறது, அதனால் கணக்கு சரியாகிவிடும் என்பது பொதுவான வாதம். ஆனால் உழுவதற்கு டீசல், உரம் தயாரிக்க இயற்கை எரிவாயு, ஆலைக்கு நிலக்கரி என்று நடுவில் செலவாகும் எரிசக்தியையும் கழிக்க வேண்டும்.

பிரேசில் கரும்பு எத்தனாலில், போட்ட எரிசக்தியைப் போல 8 மடங்கு வரை திரும்பக் கிடைப்பதாகக் கணக்கு. காரணம், ஆலையின் கொதிகலனே கரும்புச் சக்கையில்தான் ஓடுகிறது. அமெரிக்க மக்காச்சோள எத்தனாலில் இது 2 மடங்கை ஒட்டித்தான் இருக்கிறது.

காட்டை அழித்து பயிர் வைத்தால் நிலைமை தலைகீழ். மண்ணிலும் மரத்திலும் இருந்த கார்பன் வெளியேறிவிடும். அதை ஈடுகட்ட பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூறாண்டுக்கும் மேல் ஆகும் என்று 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன் பிறகுதான் உணவுப் பயிரில் எடுக்கும் எரிபொருளுக்கு போக்குவரத்துத் துறையில் 7% என்று ஐரோப்பிய யூனியன் வரம்பு வைத்தது.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. செடி, தன் மேல் விழும் சூரிய ஒளியில் 1 முதல் 2 சதவீதத்தைத்தான் தன் உடலாக மாற்றும். இன்றைய சோலார் பேனல் சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஒரே அளவு நிலத்தில் சோலார் போட்டு மின்சார வண்டி ஓட்டினால் பல மடங்கு தூரம் போகலாம் என்று சொல்வது இதனால்தான்.

மைலேஜ், விலை: வண்டி ஓட்டுபவருக்கு என்ன?

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு இது:

- பழைய வகை கார்கள்: 6 முதல் 7% குறையலாம்
- பழைய வகை டூவீலர்கள்: 3 முதல் 4%
- இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்த கார்கள்: 1 முதல் 2%

எத்தனால் மலிவு, அதனால் பெட்ரோல் விலை குறையும் என்ற பேச்சும் இருந்தது. 2024-25-ல் எத்தனாலின் சராசரி கொள்முதல் செலவு, வரி, போக்குவரத்து சேர்த்து லிட்டருக்கு ரூ.71.32 என்றும், அது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்றும் மத்திய அரசே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. இ20-ஐ எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

சாப்பாட்டில் கை வைக்காமல் எரிபொருள் எடுக்க வழியே இல்லையா?

இருக்கு. ஆனால் எதுவும் ஈசி இல்லை.

வைக்கோல் எத்தனால்: ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயிலின் ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். முதலீடு ரூ.900 கோடிக்கு மேல். எரித்து டெல்லியைப் புகைமூட்டமாக்கும் வைக்கோலுக்கு இது நல்ல வழி. ஆனால் தானிய ஆலையைவிட பல மடங்கு செலவு. வைக்கோலைக் கட்டி, ஏற்றி, மழையில் நனையாமல் வருடம் முழுக்கப் பாதுகாப்பதே பெரிய வேலை.

நேப்பியர் புல்: ஒருமுறை நட்டால் சில வருடங்களுக்கு, வருடத்தில் பல முறை அறுக்கலாம். நம் ஊரில் மாட்டுத் தீவனமாகப் பழகிய புல்தான். சாணத்துடன் சேர்த்து பயோகேஸ் எடுத்து, சிஎன்ஜி போல வண்டிக்கு நிரப்பலாம். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தில் 5,000 ஆலைகள் இலக்கு. வந்தது அதில் சிறு பகுதிதான். தவிர, புல்லுக்கும் நிலமும் தண்ணீரும் வேண்டும். எரிவாயு ஆலை நல்ல விலை கொடுத்தால் பால் மாட்டுக்குப் புல் கிடைக்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

மரவள்ளி: 2018 கொள்கையில் அனுமதிக்கப்பட்ட பயிர். சேலம், நாமக்கல், தருமபுரி பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகளை நம்பியே கிழங்கு விலை இருக்கிறது. எத்தனால் ஆலைகளும் வாங்க வந்தால் விவசாயிக்குப் போட்டி விலை கிடைக்கும். ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது செலவு.

பழைய சமையல் எண்ணெய்: ஹோட்டல்களில் பலமுறை காய்ச்சிய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. இதற்கு நிலமே தேவையில்லை. அந்த எண்ணெய் மறுபடி தெருக்கடை வாணலிக்குப் போகாமல் தடுப்பது கூடுதல் பலன்.

எரிபொருள் பயிர் போடச் சொல்லி யாராவது வந்தால் என்ன கேட்கணும்?

காட்டாமணக்கு கற்றுக்கொடுத்த பாடத்தில் இருந்தே இந்தக் கேள்விகள்:

1. வாங்கும் ஆலை எங்கே இருக்கிறது? லாரி வாடகை யார் தலையில்? கரும்பு, கிழங்கு, புல் போன்ற எடை அதிகமான பொருளுக்கு தூரம்தான் லாபத்தைத் தின்னும்.
2. ஒப்பந்தத்தில் விலை எழுதியிருக்கிறதா? சந்தை விலை ஏறினால், இறங்கினால் என்ன? ஆலை வாங்க மறுத்தால் என்ன?
3. சொல்லும் விளைச்சல் எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீரில் வந்தது? பக்கத்து ஊரில் இரண்டு அறுவடை முடித்த விவசாயி யாராவது இருக்கிறாரா?
4. முதல் வருமானம் எத்தனை மாதத்தில்? அதுவரை குடும்பச் செலவுக்கு என்ன வழி?
5. ஆலை வாங்காவிட்டால் அந்தப் பயிரை வேறு யாருக்காவது விற்க முடியுமா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். மக்காச்சோளத்தை எத்தனால் ஆலை எடுக்காவிட்டால் தீவன ஆலைக்கோ, கமிஷன் மண்டிக்கோ கொண்டுபோகலாம். நேப்பியர் புல்லை மாட்டுக்குப் போடலாம். மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பலாம். காட்டாமணக்கு விதைக்கு அந்த இரண்டாவது வாசல் இல்லை. அதை நட்டவர்களில் பலர் கடைசியில் காசு கொடுத்து ஆள் வைத்து வேரோடு பிடுங்க வேண்டியதாயிற்று.